கோப் கேலரி: கோலுக்குப் பின்னால் நின்றவர்கள் கட்டிய இடம்

இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கிளப்பின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் டாஸ் ஜெயித்தால் அதன் கேப்டன் என்ன கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் பாதியில் தன் அணி வால்டன் பிரெக் சாலைப் பக்கத்து கோலை நோக்கி ஆட வேண்டும். அதுதான் வழக்கம். டாஸ் எதிரணிக்கு விழுந்து, அவர்கள் வேண்டுமென்றே முனையை மாற்றிவிட்டால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும். காரணம், அந்த கோலுக்குப் பின்னால் இருப்பது கோப் கேலரி.

கோப் என்றதும் எல்லோரும் அதன் சத்தத்தைத்தான் பேசுவார்கள். சத்தம் பெரிய விஷயம்தான், ஆனால் உலகில் சத்தமான கேலரிகள் நிறைய இருக்கின்றன. அங்கே வந்தவர்கள் தங்களை ஆட்டத்தில் ஒரு பங்காளியாகவே நினைத்தார்கள், அந்த உரிமையோடு பாடினார்கள், எதிரணியைப் பாராட்டினார்கள், சில சமயம் சொந்தக் கிளப்பையே எதிர்த்து வெளியேறினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். அந்த உரிமையை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. குறைந்த கட்டணம், நிற்கும் சுதந்திரம், நீண்ட காத்திருப்பு என்ற மூன்றும் சேர்ந்து அதை உருவாக்கின. கோப்பின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த மூன்றையும் கவனித்தால் போதும்.

பெயர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. 1900 ஜனவரி 23ஆம் தேதி இரவு, நேட்டாலில் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) முற்றுகையிட்டிருந்த லேடிஸ்மித் நகரை மீட்கும் முயற்சியில், பிரிட்டிஷ் படை ஸ்பியான் கோப் என்ற குன்றின் மேல் ஏறியது. மேலே மூடுபனி. தரை பாறையாக இருந்ததால் பதுங்குகுழியை ஆழமாக வெட்ட முடியவில்லை. காலையில் பனி விலகியபோதுதான், சுற்றியிருந்த மேடுகளிலிருந்து போயர்கள் குறிபார்த்துச் சுடக்கூடிய இடத்தில் தாங்கள் மாட்டிக்கொண்டது தெரிந்தது. நாள் முழுவதும் அடிவாங்கிய படை அன்றிரவு இறங்கிவிட்டது. பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 240க்கும் மேல். பலரை அவர்கள் வெட்டிய அதே குழியிலேயே புதைத்தார்கள். அந்த மலையில் அதிகம் அடிபட்டவை லங்காஷயர் படைப்பிரிவுகள். லிவர்பூல் நகரம் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது.

இந்தப் போரோடு தமிழர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் சுமந்தவர்களில் காந்தி திரட்டிய இந்தியர் ஆம்புலன்ஸ் படையும் இருந்தது. சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படையில் பெரும்பகுதி கரும்புத் தோட்டங்களிலும் மற்ற இடங்களிலும் வேலை பார்த்த ஒப்பந்தக் கூலிகள். 1860இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் தொகுதிக் கூலிகளை ஏற்றிப்போனதிலிருந்தே, நேட்டாலுக்கு ஆள் அனுப்பிய முக்கியமான துறைமுகம் சென்னை. ஆகவே அந்த ஸ்ட்ரெச்சர்களைத் தூக்கிய தோள்களில் கணிசமானவை தமிழ்நாட்டிலிருந்து போனவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். லிவர்பூல்காரர்கள் இந்தப் பெயரின் கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. தமிழில் எழுதும்போது அதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரு மைதான மேட்டுக்கு இந்தப் பெயரை முதலில் வைத்தது லிவர்பூல் அல்ல. 1904 வாக்கிலேயே லண்டனில் வுல்விச் ஆர்சனல் மைதானத்து மண்மேட்டை அப்படி அழைத்தார்கள். ஷெஃபீல்ட், பர்மிங்ஹாம் என்று பல ஊர்களில் கோப்கள் உண்டு. ஆனால் இன்று வேறு அடையாளம் எதுவும் சேர்க்காமல் 'தி கோப்' என்றால் அது ஆன்ஃபீல்டைத்தான் குறிக்கும்.

ஆன்ஃபீல்டில் முதலில் ஆடியது எவர்ட்டன். மைதானத்தின் உரிமையாளர் ஜான் ஹோல்டிங்கோடு வாடகைத் தகராறு முற்றி 1892இல் அவர்கள் வெளியேறியதால், காலியான மைதானத்துக்காக ஹோல்டிங் ஆரம்பித்த கிளப்தான் லிவர்பூல். 1906இல் அந்தக் கிளப் இரண்டாவது முறையாக லீக் பட்டம் வென்றது. கையில் பணம் இருந்தது, கூட்டமும் பெருகியது. மைதானத்தைச் சீரமைக்கும் வேலை, அந்தக் காலத்து மைதானங்கள் பலவற்றை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீச்சிடம் போனது. அப்போதுதான் வால்டன் பிரெக் சாலைப் பக்கம் சாம்பலும் கசடும் கொட்டி ஒரு பெரிய மேட்டை எழுப்பி, அதில் நிற்பதற்குப் படிகள் அமைத்தார்கள். கூரை கிடையாது. உள்ளூர்ப் பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் எர்னஸ்ட் எட்வர்ட்ஸ் அதற்கு ஸ்பியான் கோப் என்ற பெயரைச் சொன்னார், ஊர் ஏற்றுக்கொண்டது. போர் நடந்து ஆறு ஆண்டுதான் ஆகியிருந்தது.

மேட்டின் மூலையில் நட்ட கொடிக்கம்பத்துக்கும் ஒரு கதை உண்டு. பொறியாளர் புருனெல் கட்டிய கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பலை மெர்சி ஆற்றங்கரையில் உடைத்தபோது, அதன் பாய்மரங்களில் ஒன்றின் மேல் பகுதியை வாங்கிவந்து இங்கே நிறுத்தினார்கள். 1870இல் பம்பாயையும் ஏடனையும் கடலடித் தந்திக் கம்பியால் இணைத்ததும் இந்தக் கப்பல்தான். கம்பம் இன்றும் அங்கே நிற்கிறது.

கோப்பின் குரலை உண்டாக்கியது 1928இல் போட்ட கூரை என்று சொல்வேன். அந்த ஆண்டு மேட்டைப் பெரிதாக்கி மேலே முழுக் கூரை அமைத்தார்கள். கிட்டத்தட்ட 30,000 பேர் நிற்கலாம். திறந்த மேட்டில் காற்றோடு போய்க்கொண்டிருந்த சத்தம் இப்போது கூரையில் பட்டு மைதானத்துக்குள் திரும்பியது. நடுவில் அடுக்குப் பிரிவு எதுவும் இல்லாத ஒரே சரிவு என்பதால், ஒரு மூலையில் யாராவது எடுத்துக் கொடுத்த பாட்டு சில நொடிகளில் மறுமூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

கூரை வந்தும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கூச்சலும் கைத்தட்டலும்தான் அதிகம். பாட்டு பெரிய அளவில் வந்தது 1960களில். அதற்குக் காரணம் பீட்டில்ஸ் என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அதில் உண்மை இருக்கிறது, ஆனால் காத்திருப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்போதெல்லாம் கோப்புக்கு முன்பதிவு கிடையாது. வாசலில் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போக வேண்டியதுதான். பெரிய ஆட்டம் என்றால் இடம் நிறைந்து கதவை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். அதனால் மூன்று மணி ஆட்டத்துக்கு மதியமே போய் நின்றார்கள். பல்லாயிரம் பேர், நெருக்கியடித்துக்கொண்டு, மணிக்கணக்கில், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல். ஒலிபெருக்கியில் அந்த வாரத்து முன்னணிப் பாடல்களைப் போடுவார்கள். அந்த ஆண்டுகளில் அவற்றில் பாதி லிவர்பூல் பையன்களின் பாட்டு, கூட்டமும் சேர்ந்து பாடும். அப்புறம் மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றி ஆட்டக்காரர்களின் பெயரைச் சேர்க்கும்.

'யூ வில் நெவர் வாக் அலோன்' வந்ததும் இந்த வழியில்தான். 1945இல் அமெரிக்க இசை நாடகம் ஒன்றுக்காக எழுதப்பட்ட பாட்டு அது. லிவர்பூலைச் சேர்ந்த ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ் குழு 1963இல் அதைப் பாடி விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. பட்டியலிலிருந்து பாட்டு இறங்கிய பிறகும் கூட்டம் அதை விடவில்லை. கிளப் உட்கார்ந்து தேர்ந்தெடுத்த கீதம் அல்ல அது. கேலரி தனக்காக எடுத்துக்கொண்டது, கிளப் பின்னால்தான் அதைத் தன் வாசலில் எழுதிவைத்தது.

1964 ஏப்ரலில் ஆர்சனலை 5-0 என்று வென்று லிவர்பூல் பட்டத்தை உறுதிசெய்த நாளில், பிபிசியின் பனோரமா நிகழ்ச்சிக்காகக் கேமராவோடு வந்தவர்கள் ஆட்டத்துக்குப் பதிலாகக் கூட்டத்தைப் படம்பிடித்தார்கள். கோட்டும் டையும் போட்ட இளைஞர்கள், பள்ளிப் பையன்கள், துறைமுகத்து ஆட்கள் எல்லோரும் ஒரே குரலில் பீட்டில்ஸ் பாட்டையும் லிவர்பூல் பாடகி சில்லா பிளாக்கின் பாட்டையும் பாடுகிற காட்சி இன்றும் பார்க்கக் கிடைக்கிறது. யாரும் அவர்களை நடத்தவில்லை. மேளம் இல்லை, மைக் பிடித்த தலைவன் இல்லை. பாட்டு நடுவிலிருந்து எழுகிறது, கூட்டம் முன்னும் பின்னும் ஆடுகிறது.

கூட்டத்தின் அந்த அசைவுக்கு உடம்பால் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். கோல் விழுந்தால் மேல்படிகளிலிருந்து ஒரு தள்ளு வரும். நின்ற இடத்திலிருந்து பத்துப் பதினைந்து படி கீழே போய், அலை திரும்பும்போது பழைய இடத்துக்கே வந்து சேர்வார்கள். மயங்கியவர்களைத் தலைக்கு மேலே கைமாற்றி முன்வரிசைக்கு இறக்குவார்கள். கழிப்பறைக்குப் போக வழியே இல்லாததால் நின்ற இடத்திலேயே காரியம் முடிந்தது, பக்கத்தில் இருப்பவரின் கால்சட்டை நனைந்தது. பையன்களுக்கென்று மூலையில் கம்பி அடைத்த ஒரு பகுதி இருந்தது. பாய்ஸ் பென் என்பார்கள். அதற்குள் அடிதடிக்குக் குறைவில்லை. தப்பித்துக் கம்பியேறிப் பெரியவர்களின் கோப்புக்குள் குதிப்பதுதான் பல பிள்ளைகளின் முதல் சாகசம். பழைய கோப் கேலரியை நினைத்து உருகுகிறவர்கள் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் கிளப்பும் ஆட்சியாளர்களும் அந்த மக்களுக்கு எவ்வளவு குறைவாகச் செய்தார்கள் என்பதற்கு இது சாட்சி. 1987 சீசன் தொடங்கும் நேரத்தில் கோப்புக்கு அடியில் ஓடிய விக்டோரியா காலத்துச் சாக்கடை இடிந்து பள்ளம் விழுந்தது. சொந்த மைதானத்து ஆட்டங்களைத் தள்ளிவைத்து, செப்டம்பர் வரை லிவர்பூல் வெளியூரில்தான் ஆட வேண்டியிருந்தது.

பில் ஷாங்க்லி இந்தக் கேலரியைப் புரிந்துகொண்ட மேலாளர். 1959 முதல் 1974 வரை அவர் பொறுப்பில் இருந்தார். ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்க ஊரிலிருந்து வந்த சோஷலிஸ்ட், அந்தக் கூட்டத்தைத் தன் ஆட்கள் என்றே பேசினார். 1981இல் அவர் இறந்தபின் அஸ்தியைத் தூவியது கோப் பக்கத்து மைதானத்தில். அவர் சிலை இன்று கோப்புக்கு வெளியே நிற்கிறது.

கோப்பின் குணத்துக்கு எனக்குப் பிடித்த உதாரணம், லிவர்பூல் பட்டத்தை இழந்த ஓர் இரவு. 1969 ஏப்ரல் 28, லீட்ஸ் யுனைடெட் ஆன்ஃபீல்டுக்கு வந்து 0-0 என்று டிரா செய்து லீக் பட்டத்தைக் கைப்பற்றியது. பட்டத்துக்குப் போட்டியாக இருந்ததே லிவர்பூல்தான். லீட்ஸ் மேலாளர் டான் ரெவி தன் ஆட்டக்காரர்களைக் கோப் பக்கம் போகச் சொன்னார். தயங்கித் தயங்கிப் போனவர்களை அந்தக் கேலரி 'சாம்பியன்ஸ்' என்று முழங்கி வரவேற்றது. எதிரணி கோல்கீப்பர் தங்கள் பக்கத்து கோலுக்கு ஓடிவரும்போது கைதட்டுவதும் கோப்பின் பழைய வழக்கம், இன்றும் நடக்கிறது. ஆட்டம் தெரிந்தவர்கள் என்ற பெருமிதம் அதில் இருக்கிறது.

ஆட்டத்தின் போக்கை மாற்றிய இரவுகளில் 1977 மார்ச் 16 முதலில் வரும். ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் பிரான்சின் செய்ன்ட் எட்டியென், முதல் ஆட்டத்தை 1-0 என்று வென்று வந்திருந்தது. ஆன்ஃபீல்டில் லிவர்பூல் 2-1 முன்னிலை. இரண்டு ஆட்டமும் சேர்த்து 2-2, ஆனால் சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி என்ற விதிப்படி அது போதாது. 84ஆவது நிமிடம், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய டேவிட் ஃபேர்க்ளஃப் கோப் பக்கம் ஓடி மூன்றாவது கோலை அடித்தார். அந்த ஆண்டுதான் லிவர்பூல் முதல்முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றது. அங்கே இருந்த பழைய ஆட்கள் பலர் அதைவிடப் பெரிய சத்தத்தைக் கேட்டதில்லை என்பார்கள்.

அடுத்து வருவது கனமான பகுதி. 1985 மே 29, பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு முன், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து விரட்டியதில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் எதிரணியான இத்தாலியின் யுவென்டஸ் ரசிகர்கள். மைதானம் பாழடைந்தது, ஏற்பாடு மோசம் என்பதெல்லாம் சரி. ஆனாலும் அந்தப் பாய்ச்சலுக்கு லிவர்பூல் கூட்டத்தில் இருந்தவர்கள்தான் பொறுப்பு. கோப் கேலரியைக் கொண்டாடும் யாரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. 2005இல் யுவென்டஸ் ஆன்ஃபீல்டுக்கு வந்தபோது, கோப் அட்டைகளைத் தூக்கி 'நட்பு' என்று இத்தாலிய மொழியில் எழுதிக் காட்டியது. வந்திருந்தவர்களில் சிலர் கைதட்டினார்கள், சிலர் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டுமே நியாயம்தான்.

1989 ஏப்ரல் 15 ஹில்ஸ்பரோ. ஷெஃபீல்டில் இருக்கும் அந்த மைதானத்தில் லிவர்பூல் ஆடிய எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. வெளியே நெரிசல் கூடியதும் போலீஸ் ஒரு வெளிவாசலைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களைத் திருப்பிவிட யாரும் இல்லாததால், ஏற்கெனவே நிறைந்திருந்த கம்பி அடைத்த நடுப்பகுதிக்குள் கூட்டம் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் 97 பேர். அந்த ஒரு வாரம் ஆன்ஃபீல்ட் திறந்தே இருந்தது. கோப் படிகளின் தடுப்புக் கம்பிகளில் கழுத்துத் துணிகள் கட்டப்பட்டன, பூக்கள் கோலிலிருந்து மைதானத்தின் நடுக்கோடு வரை நிறைந்தன. ரசிகர்கள்மேல் பழி போட்ட பொய்களுக்கு எதிராகக் குடும்பங்கள் 27 ஆண்டு போராட வேண்டியிருந்தது. 2016இல்தான் ஜூரி, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மேல் தவறில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது.

ஹில்ஸ்பரோ பற்றி விசாரித்த நீதிபதி டெய்லர், 1990 ஜனவரியில் கொடுத்த இறுதி அறிக்கையில் பெரிய மைதானங்கள் எல்லாம் இருக்கை மைதானங்களாக மாற வேண்டும் என்றார். நிற்பது தன்னளவிலேயே ஆபத்து என்று அவர் சொல்லவில்லை. இன்னொன்றையும் அந்த அறிக்கை சொன்னது, அது மறந்துபோய்விட்டது. இருக்கை வந்தால் கட்டணம் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டியதில்லை என்று சொல்லி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தை உதாரணம் காட்டினார் டெய்லர்: அங்கே உட்கார 6 பவுண்டு, நிற்க 4 பவுண்டு. கிளப்கள் அறிக்கையின் ஒரு பாதியை எடுத்துக்கொண்டன, மறுபாதியை விட்டுவிட்டன.

நிற்கும் கோப்பின் கடைசி ஆட்டம் 1994 ஏப்ரல் 30. எதிரணி நாரிச் சிட்டி. லிவர்பூல் 0-1 என்று தோற்றது. அந்தப் படிகளுக்கு முன்னால் விழுந்த கடைசி கோலை அடித்தது எதிரணியின் ஜெரமி காஸ். பிறகு கேலரியை இடித்து, சுமார் 12,400 இருக்கைகள் கொண்ட ஒரே அடுக்காகக் கட்டினார்கள். ஒருகாலத்தில் நின்றவர்களில் பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான் அதில் இடம்.

நாற்காலி போட்டதோடு கோப் செத்துவிட்டது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2004 டிசம்பரில் ஒலிம்பியாகோஸுக்கு எதிராக 86ஆவது நிமிடத்தில் ஜெரார்ட் அடித்த கோல், 2019 மே 7இல் பார்சிலோனாவை 4-0 என்று வென்றபோது அலெக்சாண்டர்-ஆர்னால்ட் சட்டென்று போட்ட கார்னரை ஒரிகி வலைக்குள் தள்ளியது, இரண்டும் இருக்கை போட்ட கோப்புக்கு முன்னால் நடந்தவை. பெரிய ஆட்டங்களில் அங்கே யாரும் உட்காருவதுமில்லை. 2021இல் அதன் ஒரு பகுதியில் கைப்பிடிக் கம்பி வைத்த இருக்கைகளைப் போட்டு, நிற்பதைப் பாதுகாப்பாக்கினார்கள். ஹில்ஸ்பரோவை நினைத்து இதற்குத் தயங்கியவர்கள் லிவர்பூலில் இருந்தார்கள். அந்தத் தயக்கத்துக்கு மரியாதை கொடுத்து, ரசிகர்கள் பல ஆண்டு பேசி விவாதித்த பிறகே அது நடந்தது.

கோப்புக்கு உண்மையான ஆபத்து கட்டணம்தான். பதினாறு வயதில் தனியாக வந்து, வாசலில் காசு கொடுத்து, நண்பர்களோடு நின்று பாட்டுக் கற்றுக்கொண்டவர்கள் உருவாக்கிய இடம் அது. இப்போது சீசன் டிக்கெட்டுக்கான காத்திருப்புப் பட்டியல் மிக நீளம், கையில் வைத்திருப்பவர்களுக்கு வயதாகிறது. அந்தப் பதினாறு வயதுக்காரருக்கு வழி எங்கே?

கோப் இதைத் தானே கேட்டது. புதிய மெயின் ஸ்டாண்டில் அதிகபட்ச டிக்கெட் 77 பவுண்டு என்று கிளப் அறிவித்ததும், 2016 பிப்ரவரி 6 அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில், மைதானம் முழுக்கச் சுமார் 10,000 பேர் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 முன்னிலை, ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களில் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, அதிகபட்சக் கட்டணத்தைப் பழைய 59 பவுண்டிலேயே இரண்டு சீசனுக்கு நிறுத்திவைத்தார்கள். 2024 ஏப்ரலில் கட்டணம் 2 சதவீதம் உயர்ந்தபோது, கோப்பின் கொடிகளைக் கவனித்துக்கொள்ளும் ஸ்பியான் கோப் 1906 என்ற ரசிகர் குழு, அட்டலான்டாவுக்கு எதிரான ஐரோப்பிய ஆட்டத்தில் ஒரு கொடியையும் ஏற்றவில்லை. அந்த இரவு லிவர்பூல் 0-3 என்று தோற்றது. கொடி இல்லாததால்தான் தோற்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொலைக்காட்சியில் கிளப் விற்கும் அந்தக் காட்சிக்கு உழைப்பவர்கள் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

2 சதவீதம் சின்னத் தொகைதானே என்று கேட்டவர்கள் உண்டு. தொலைக்காட்சி உரிமையிலும் விளம்பரத்திலும் வரும் பணத்தோடு ஒப்பிட்டால் அது கிளப்புக்கும் சின்னத் தொகைதான், பிறகு எதற்காக உயர்த்த வேண்டும் என்று ரசிகர்கள் திருப்பிக் கேட்டார்கள். 2025-26 சீசனுக்குப் பொது டிக்கெட் கட்டணம் உயர்த்தப்படவில்லை.